திரும்பி எழும் சம்மட்டி

தவக்காலம் நான்காம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 15:1-3, 11-32



இன்று நாம் கேட்ட நற்செய்தி உங்களில் பலருக்கு மனப்பாடம். பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூர தேசம் போன இளைய மகன், பஞ்சம், பன்றிகள், ஓடிவந்து கட்டிக்கொள்ளும் தகப்பன். அவன் ஏன் போனான், போன இடத்தில் என்ன செய்தான் என்று எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இந்த வருடம் அதை விட்டுவிடுவோம். அவன் திரும்பி வந்த வழியைப் பற்றி மட்டும், அவசரமில்லாமல், கொஞ்ச நேரம் யோசிப்போம்.

அதற்காக உங்களை ஓர் இரும்புப் பட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இந்தப் பங்கில் இருக்கிறீர்கள்; நீராவிச் சம்மட்டி உங்களுக்குப் புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிவிலியமும் பட்டறைக்குள் போய் நின்று பார்த்திருக்கிறது. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தில் ஒரு கொல்லர் வருகிறார். உலையின் வெக்கையில் அவர் உடல் வாடுகிறது, சம்மட்டிச் சத்தத்தில் காது அடைத்துப்போகிறது, கண் மட்டும் செய்கிற பொருளின் வடிவத்தை விட்டு நகரவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வேலையே மன்றாட்டு என்று சொல்லித்தான் அந்த அதிகாரம் முடிகிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் நம் பங்கின் பெரியவர்கள் சிலருடைய கைகள் என் நினைவுக்கு வரும்.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பாட்ரிகிராஃப்ட் என்ற ஊரில் ஜேம்ஸ் நாஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு வார்ப்பாலை நடத்திவந்தார். 1839ஆம் ஆண்டு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ‘கிரேட் பிரிட்டன்’ என்ற பெரிய நீராவிக் கப்பலுக்குத் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றும் இரும்புத் தண்டு ஒன்று வேண்டும். அத்தனை பெரிய தண்டை அடித்து உருவாக்க எந்தப் பட்டறையும் முன்வரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்கள். அந்நாளில் பட்டறைகளில் இருந்த சம்மட்டிகள் ஒரு நெம்புகோலின் முனையில் கொஞ்ச உயரம் எழுந்து விழுபவை. சின்ன இரும்பென்றால் சரி. பெரிய இரும்பைப் பட்டடைமேல் வைத்துவிட்டால் சம்மட்டி விழுவதற்கே இடம் இருக்காது. பலமாக அடிக்க வேண்டிய நேரத்தில்தான் அடி பலவீனமாகும். நாஸ்மித் கடிதத்தைப் படித்து அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக யோசித்தார். அதற்குள் தன் குறிப்பேட்டில் புதிய சம்மட்டியின் படத்தை வரைந்துவிட்டார். அந்தப் படத்தில் 1839 நவம்பர் 24 என்று தேதி இருக்கிறது. பிறகு கப்பல்காரர்கள் மனம் மாறித் துடுப்புச் சக்கரத்தைக் கைவிட்டார்கள், தண்டும் வேண்டாம் என்று ஆயிற்று. பிரான்சில் லெ க்ரூசோ என்ற ஊரில் பூர்டோன் என்ற பொறியாளர் அதே மாதிரிச் சம்மட்டியை முதலில் கட்டி ஓட்டினார். 1842இல் நாஸ்மித் அங்கே போய் அதைப் பார்த்தார், அதே ஆண்டு தன் நாட்டில் காப்புரிமையும் பெற்றார். யார் முந்தியது என்ற வழக்கு அப்போதே இருந்தது. அது இங்கே நமக்கு வேண்டாம்.

சம்மட்டியைப் பாருங்கள். இரண்டு பெரிய இரும்புக் கால்கள். அவற்றின் உச்சியில் ஒரு சிலிண்டர். சிலிண்டருக்குள் பிஸ்டன். பிஸ்டனிலிருந்து ஒரு தண்டு கீழே தொங்குகிறது, தண்டின் நுனியில் சம்மட்டிக் கட்டை. பிஸ்டனுக்குக் கீழே நீராவியை விட்டால் கட்டை மேலே எழும். நீராவியை வெளியே போகவிட்டால் தன் பாரத்தாலேயே கட்டை கீழே விழும். அவ்வளவுதான். ஆனால் வால்வைப் பிடித்திருக்கிறவர் கைத்திறன் உள்ளவராக இருந்தால், விழுகிற கட்டைக்குக் கீழே சிறிதளவு நீராவியை அனுப்பி, விழும் வேகத்தைத் தான் விரும்பிய அளவுக்குக் குறைத்துக்கொள்ள முடியும். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டையை வைத்து, கிண்ணம் உடையாமல் முட்டை ஓட்டை மட்டும் கீறச் செய்து காட்டுவாராம் நாஸ்மித். அடுத்த அடியில் கட்டிடமே அதிரும்.

அடியைப் பற்றி உலகம் வியந்து பேசியது. எனக்கு, சகோதர சகோதரிகளே, அந்த எந்திரத்தில் மனத்தைத் தொட்ட இடம் வேறு. அடித்துவிட்டு அது மேலே போகிறதே, அந்தப் போக்கு.

யோசித்துப் பாருங்கள். கீழே விழும்போது சம்மட்டியின் வேகத்தை வாங்கிக்கொள்ள இரும்பு இருக்கிறது. பழுக்கக் காய்ந்த இரும்பு கொஞ்சம் நசுங்கி, கொஞ்சம் நீண்டு, அந்த வேகம் முழுவதையும் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. திரும்பி மேலே போகும்போது வாங்கிக்கொள்ள என்ன இருக்கிறது? வெறும் வெளி. நீராவியை நிறுத்தினாலும் அத்தனை பாரம் உடனே நிற்காது. எடுத்த வேகத்தில் இன்னும் ஏறும். அப்படியே விட்டால் பிஸ்டன் போய் சிலிண்டரின் மேல்மூடியில் மோதும். மூடி உடையும், போல்ட்டுகள் தெறிக்கும், தண்டு முறியும். எத்தனையோ இரும்பை அடித்து உருவாக்கிய எந்திரம், எதையும் அடிக்காத நேரத்தில் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிற தொழிலாளியின் உயிருக்கும் ஆபத்து.

இதற்கு நாஸ்மித் செய்த ஏற்பாடு மிகவும் எளிமையானது. சிலிண்டரின் உச்சிக்குச் சற்றுக் கீழே, சுவரில் வரிசையாகச் சில துளைகள். மேலே ஏறி வரும் பிஸ்டன் அந்தத் துளைகளைக் கடந்ததும், அதைத் தள்ளிவந்த நீராவி துளைவழியே வெளியேறிவிடும். தள்ளுகிற பலம் அங்கேயே தளர்ந்துபோகும். பிஸ்டனுக்கு மேலே இருக்கிற காற்றுக்கோ இனி வெளியேற வழி கிடையாது. அது உச்சியில் சிக்கிக்கொண்டு, அழுந்த அழுந்த இறுகி, ஏறி வருகிற பாரத்தை மெல்லத் தாங்கி நிறுத்தும். நிறுத்துவதோடு விடாமல், அடுத்த அடிக்குக் கீழ்நோக்கி ஒரு தள்ளும் கொடுக்கும். பின்னாளில் பிஸ்டனுக்கு மேலும் கீழும் நீராவியைச் செலுத்துகிற சம்மட்டிகள் வந்தன. அவற்றிலும் இதே ஞானம்தான். மேலே இருக்கிற நீராவி வெளியேறும் வாயிலை உச்சியில் வைக்காமல் கொஞ்சம் கீழே வைப்பார்கள். ஏறிவரும் பிஸ்டனே அந்த வாயிலை அடைத்துவிடும். மிச்சம் நிற்கிற நீராவி மெத்தை ஆகிவிடும். சற்றுமுன் சம்மட்டியைக் கீழே ஓங்கித் தள்ளிய அதே நீராவியில் ஒரு பங்குதான், இப்போது அது மோதாமல் தாங்கிக்கொள்கிறது. எல்லாவற்றையும் வெளியே விட்டிருந்தால் தாங்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பிரியமானவர்களே, அடிக்காமல் வாழ முடியாத இடங்கள் நமக்கு உண்டு. கையால் அடிப்பதைச் சொல்லவில்லை. அதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். சொல்ல வேண்டிய கடுமையான சொல்லைச் சொல்கிறேன். பிள்ளை தவறான வழியில் போகும்போது தாய் பேசித்தான் ஆக வேண்டும். குடித்துவிட்டு வருகிற கணவரிடம் மனைவி கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆசிரியர் கண்டிக்கத்தான் வேண்டும். இந்தப் பீடத்திலிருந்து நானும் சில ஞாயிறுகளில் கடினமாகப் பேசியிருக்கிறேன், பேச வேண்டியிருந்தது. அந்தச் சொல் பல நேரம் சரியானதாகவே இருக்கும், பழுக்கக் காய்ந்த இரும்பில் சரியான இடத்தில் விழுந்த அடியாகவே இருக்கும்.

அதன் பிறகு? சொல்லி முடித்தபின் நாம் எப்படித் திரும்பிப் போகிறோம்?

மகன் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டுகிறான். தகப்பன் திட்டுகிறார். திட்டியதில் நியாயம் இருக்கிறது, மகனுக்கும் அது தெரியும். இரவு எட்டு மணி. அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருக்கிறார். தகப்பன் எழுந்து போய்ப் படுத்துவிடுகிறார், சாப்பிட வரவில்லை. மறுநாள் காலை மகனிடம் சொல்ல வேண்டியதை மனைவியிடம் சொல்கிறார்: “உன் பிள்ளைகிட்ட சொல்லு.” அடுத்த நாளும் அப்படியே. திட்டு விழுந்தது சில நிமிடம். அந்த வீட்டில் உடைந்தது எல்லாம் அதற்குப் பின்னால் வந்த மௌனத்தில் உடைந்தது. மூடியில் போய் மோதிய சத்தம் அது. தாய்மாரே, தகப்பன்மாரே, உங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதுண்டா?

“மனசில் இருந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டேன் சாமி, இப்போதுதான் நிம்மதி” என்று என்னிடம் வந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிம்மதி வந்தது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டவர் திரும்பி வரும்போது தாங்கிக்கொள்ள உள்ளே என்ன இருக்கிறது? கடைசியாக ஒரு சொல் இருந்தது, சொல்லாமல் விட்டிருக்கலாம். இறந்துபோன மாமியாரைப் பற்றிய சொல், பத்து வருடத்துக்கு முந்தைய கடனைப் பற்றிய சொல். அதை உள்ளேயே நிறுத்தியிருந்தால், அடக்கிய அந்தக் கோபமே அடுத்த நாள் காலை ஒருவரை ஒருவர் பார்த்து “காபி குடிச்சியா?” என்று கேட்பதற்கு இடம் கொடுத்திருக்கும். அடக்கிவைத்த கோபமெல்லாம் நஞ்சாகத்தான் போகும் என்று எண்ணாதீர்கள். கடவுளின் கையில் ஒப்படைத்து நிறுத்திய கோபம் உறவைத் தாங்கும்.

இன்னொன்றையும் அந்தச் சம்மட்டியிடம் கற்கலாம். 1843இல் நாஸ்மித்தின் வார்ப்பாலையில் ராபர்ட் வில்சன் என்பவர் சம்மட்டி தானே இயங்குவதற்கான ஓர் அமைப்பை உருவாக்கினார். அடி விழுந்த அதிர்ச்சியே ஒரு கொக்கியை விடுவித்து, நீராவியைத் திருப்பி, சம்மட்டியை அந்தக் கணமே மேலே எழுப்பிவிடும். ஏன் இத்தனை அவசரம்? கனத்த சம்மட்டி, அடித்த இடத்திலேயே அமர்ந்திருந்தால் காய்ந்த இரும்பின் சூட்டை உறிஞ்சிவிடும். இரும்பு ஆறிப்போகும், பிறகு எத்தனை அடித்தாலும் வளைந்துகொடுக்காது. கண்டித்த பிறகும் அதே பேச்சிலேயே உட்கார்ந்திருப்பவர்களை நாம் அறிவோம். சாப்பாட்டு மேசையில் அதே பேச்சு, உறவினர் முன்னால் அதே பேச்சு, தேர்வுக்குக் கிளம்பும்போதும் அதே பேச்சு. பிள்ளை கெட்டவனாகிவிடவில்லை, ஆறிப்போய்விட்டான். அடித்ததும் சட்டென்று விலக வேண்டும். விலகிய வேகத்தில் போய் எங்கும் மோதிவிடவும் கூடாது. இரண்டும் ஒன்றாகக் கூடிவருவது சுலபமில்லை, எனக்கும் சுலபமில்லை. அருள் வேண்டும்.

இப்போது நற்செய்திக்குத் திரும்புவோம். இளைய மகன் எழுந்து வீட்டை நோக்கி வருகிறான். அவன் மனத்தில் என்ன வேகம் இருந்திருக்கும் என்று பாருங்கள். வழியெல்லாம் ஒரு பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறான்: விண்ணுலகுக்கும் உமக்கும் எதிராகப் பாவம் செய்தேன், மகன் என்று சொல்லத் தகுதியில்லை, கூலியாளாக வைத்துக்கொள்ளும் என்று. தன் வெட்கத்தின் முழுப் பாரத்தோடும் அவன் தகப்பனின் கதவில் வந்து மோதப்போகிறான். கதவு மூடியிருந்தால் அவன் உடைந்துபோவான். தகப்பனோ தொலைவிலேயே பார்த்துவிட்டார். அவர் கதவருகில் காத்து நிற்கவில்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். மகன் பேச்சைத் தொடங்குகிறான். கூலியாள் என்ற கடைசி வரி வருவதற்கு முன்னால் தகப்பன் பணியாளர்களைக் கூப்பிட்டு உடையைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். லூக்காவை வீட்டில் எடுத்துப் பாருங்கள்: வழியில் ஒத்திகை பார்த்ததில் அந்த வரி இருக்கிறது, வீட்டருகே அவன் சொன்னதில் இல்லை. மகன் தன்னைத்தானே முழுவதும் நொறுக்கிக்கொள்ளத் தகப்பன் இடம் கொடுக்கவில்லை.

அவர் பெரிய மகனிடமும் அப்படித்தான் நடந்துகொண்டார். தம்பிக்காக விருந்து வைத்ததைக் கேட்டு அவன் கோபத்தோடு வெளியே நிற்கிறான். அவன் கோபத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தகப்பன் விருந்தை விட்டு வெளியே வருகிறார். அவன் ‘உம் மகன்’ என்று கசப்போடு சொன்னதைத் திட்டாமல், ‘உன் தம்பி’ என்று மெதுவாகத் திருப்பிக் கொடுக்கிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவில்லை. தகப்பன் வெளியே வந்ததை மட்டும் சொல்லியிருக்கிறார்.

பேதுருவை நினைத்துப் பாருங்கள். தலைமைக் குருவின் முற்றத்தில் எரிந்த கரி நெருப்பின் அருகே மூன்று முறை மறுதலித்தார். ஆனால் அதற்கு முன்பே, இரவு உணவின்போதே, இயேசு அவருக்காக மன்றாடியிருந்தார்; நீ திரும்பி வந்தபின் உன் சகோதரரை உறுதிப்படுத்து என்றும் சொல்லியிருந்தார். விழுவதற்கு முன்னாலேயே திரும்பி வருவதற்கான ஏற்பாடு ஆயிற்று. உயிர்த்த பிறகு திபேரியக் கடற்கரையில் மறுபடியும் ஒரு கரி நெருப்பு. பேதுரு தண்ணீரில் குதித்து வருகிறார், என்ன கேட்பாரோ என்ற பயம் இருந்திருக்கும். ஆண்டவர் முதலில் எதையும் கேட்கவில்லை. நெருப்பின்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது, பக்கத்தில் அப்பம் இருந்தது. வந்து சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் ‘நீ என்னை அன்பு செய்கிறாயா?’ என்று கேட்டார், மூன்று முறை கேட்டார். கேள்வி வலித்தது, பேதுரு வருத்தப்பட்டார் என்று யோவான் எழுதியிருக்கிறார். வலித்தாலும் உடையவில்லை. மீனும் அப்பமும் முன்னால் வந்துவிட்டன.

நம் ஆண்டவர் நம்மை அடிப்பதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் நாம் வாங்கிய சில அடிகள் நம்மை உருவாக்கியவை, உங்களுக்கே தெரியும். ஆனால் அவர் நம்மைப் பட்டடையிலிருந்து விடுவிக்கிற விதத்தைக் கவனித்ததுண்டா? நோயிலிருந்து எழுந்த அன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்த கஞ்சி. வேலை போன மாதம் கடைக்காரர் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்ன அரிசி. அவற்றையெல்லாம் அப்போது தற்செயல் என்று நினைத்தோம்.

கடைசியாக இன்னொரு சம்மட்டியையும் பாருங்கள். 1891இல் அமெரிக்காவில் ஓர் ஊரில் 125 டன் எடையுள்ள சம்மட்டி ஒன்றைக் கட்டினார்கள். அந்த ஊரின் பெயர் பெத்லகேம். 1741ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தின இரவில் மொரேவியச் சபையார் அந்த ஊருக்கு இட்ட பெயர் அது. நம் மீட்பர் குழந்தையாகப் பிறந்த ஊரின் பெயரில் அத்தனை பெரிய சம்மட்டி என்று நினைக்கும்போது மனம் சற்று நின்றுவிடுகிறது. அது அதிக காலம் ஓடவில்லை. மெதுவாக, விட்டுவிடாமல் அழுத்துகிற நீரழுத்த எந்திரங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. சம்மட்டி அடி பெரும்பாலும் இரும்பின் மேற்பரப்போடு நின்றுவிடும்; பொறுமையான அழுத்தம் நடுமையம் வரைக்கும் போய்ச் சேரும். அதைக் கண்டுகொண்டவர்கள் அத்தனை செலவு செய்து கட்டிய சம்மட்டியையே ஒதுக்கிவைத்தார்கள்.

திரும்பி வர நினைத்தும் வராமல் இருக்கிறவர்கள் சிலர் இப்போது இந்த ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தூண்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் முகங்கள் எனக்குத் தெரியும், உங்களுக்காக மன்றாடிக்கொண்டுதான் இருக்கிறேன். சண்டையிட்டுப் பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பிகள், இரண்டு ஈஸ்டராக நற்கருணை வாங்காதவர்கள், பாவசங்கீர்த்தனம் செய்து பல வருடம் ஆனவர்கள். சாமி திட்டுவாரோ, என்ன கேட்பாரோ என்ற பயம் உங்களைத் தடுக்கலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டி சித்திரவதைக் கூடமாக இருக்கக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எங்களைப் போன்ற குருக்களுக்கு எழுதினார். அந்தச் சொல்லை என் செபப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து நான் தொட்டியில் இருப்பேன். தேவைப்பட்டால் இரவு வரைக்கும் இருப்பேன். மனத்துயர் செபம் மறந்துபோயிருந்தால் கவலைப்படாதீர்கள், சேர்ந்து சொல்லிக்கொள்ளலாம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் அதையே சொல்லுங்கள்: “சாமி, எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.” மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். அண்ணனிடம் போக வேண்டியவர்கள் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்று பூசை முடிந்து வெளியே போகும்போது அவர் வாசலில்தான் நிற்பார், அவருக்கும் அதே பயம்தான். பழைய கணக்கை இன்றைக்கே எடுக்காதீர்கள். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள், வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லுங்கள்.